லேப்புல இருந்து போன் வரல

பல்லு வலியில என்ர சம்சாரம் செத்துப்போச்சுன்னு சொன்னா யாரும் நம்பறதில்லீங்க. "உள்ள வேற எதாச்சும் இருந்துருக்கும்"ங்கறாங்க. டீக்கடையில ஒருத்தரு புத்துநோயான்னு கேட்டாரு. இல்லீங்க. கீழ் வரிசையில வலது பக்கம், கடைசிக்கு முன்னால இருக்கற கடவாப்பல்லு. அந்த ஒரே பல்லுதான். அதுக்கு பீங்கான் வெச்சு அடைக்கப் போயி, பாதி வேலையில நின்னு போச்சு. நிறுத்துனது நான். அதையும் சேத்துத்தான் எழுதறேன்.

அவ பேரு கலாமணி. வெள்ளகோவில் பக்கம். எனக்கு காங்கேயம். கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் திருப்பூர்ல ஒரு லைன் ஊட்டுல இருந்தோம். அவ பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலர். நான் சாயப்பட்டறை லேப்புல ஹெல்ப்பர். எட்டாவதோட நின்னவனுக்கு லேப்புல என்ன வேலைன்னு நெனைக்காதீங்க. சின்னச் சின்ன டப்பாவுல சாயத்த அளந்து ஊத்தி, உள்ளங்கை அகலத்துக்குத் துணி வெட்டிப் போட்டு கலர் ஏத்தோணும். அந்தத் துண்டுக்கு லேப் டிப்புன்னு பேரு. அத வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. வாங்கற பார்ட்டி பாத்து, ஷேடு ஓகேன்னு சேதி சொன்னாத்தான் மேல வேலை. சொல்லாத வரைக்கும் ஒரு கிலோ துணி கூட மிசின்ல ஏத்தக்கூடாது.

நான் சேந்த புதுசுல ஓகே வர்றதுக்குள்ள ஒரு லாட்ட ஏத்திப்போட்டேன். ஒட்டுக்கா ரிஜெக்ட் ஆச்சு. மேனேஜரு எல்லார்த்துக்கும் முன்னால செவுட்டுல ஒண்ணு விட்டாரு. "லேப்புக்குப் போனா, சேதி வர்ற வரைக்கும் மூடிக்கிட்டு உக்காருடா"ன்னாரு. அது எனக்குள்ள அப்படியே எறங்கிருச்சுங்க.

கலாமணிக்கு அந்தப் பல்லுல பள்ளிக்கோடம் போறப்பவே வெள்ளி அடைச்சிருந்தாங்க. அது கருத்து, பொறவு ஓரம் ஒடஞ்சு, பெரிய குழியாயிருச்சு. சிரிச்சா தெரியும்னு கையில வாயப் பொத்திக்குவா. அவ சிரிப்பு பெருசுங்க, ஒரு கை பத்தாது. எனக்கு அவ பொத்தாம சிரிக்கோணும். போனஸ்ல கொஞ்சம் எடுத்து வெச்சிருந்து மார்கழியில கூட்டிட்டுப் போனேன்.

"எதுக்கு மாமா, சும்மா சிமெண்ட் வெச்சு அடைச்சாப் பத்தாதா?"ன்னா.

நாந்தான் கேக்கல.

டாக்டரம்மா நல்ல மாதிரி. டார்ச் அடிச்சுப் பாத்துப்போட்டு, "பாதிப் பல்லு போயிருச்சு கண்ணு. சிமெண்ட் நிக்காது. கேப் போடற அளவுக்கும் போகல. நடுவுல ஒண்ணு இருக்குது, இன்லேன்னு பேரு"ன்னாங்க. எங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. சிமெண்ட்ட வாய்க்குள்ளயே கொழச்சு அடைச்சுருவாங்க. இது அப்படியில்ல. குழிய சுத்தமா வெட்டி, அச்செடுத்து, அந்த அச்ச லேப்புக்கு அனுப்பி, அங்க பீங்கான்ல ஒரு துண்டு செஞ்சு வந்ததும் பல்லுல ஒட்டறது. "தையக்காரரு அளவெடுத்துட்டுப் போயி தெச்சுக் கொண்டாந்து குடுக்கற மாதிரி"ன்னாங்க. கலாமணி, "அப்ப ஆல்டரும் பண்ணித் தருவாங்களா டாக்டர்?"ன்னா.

பல்லுக் கலர் பாக்கறதுக்கு ஒரு சட்டத்த எடுத்தாங்க. வரிசையா பொய்ப்பல்லு மாட்டியிருக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். "இதுதான் ஷேடு கைடு"ன்னாங்க. எனக்கு ஒரே குஷி. நம்ம வேலையாச்சே!

"டாக்டருங், ட்யூப்லைட்டுல ஷேடு பாக்கக்கூடாதுங்க. வெளிய வெளிச்சத்துல பாக்கோணும்."

"ஏம்ப்பா, நீ பல்லு டாக்டரா?"

"இல்லீங்க, டையிங்."

டாக்டரம்மா சிரிச்சுப்போட்டு, "சரி வாங்க, அதையும் பாத்துரலாம்"னு எங்க ரெண்டு பேத்தையும் மாடிப்படிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கலாமணி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறா, நானும் டாக்டரம்மாவும் ஏ டூவா ஏ த்ரீயான்னு பேசிட்டிருக்கறோம், கீழ ரோட்டுல போறவங்க நின்னு பாக்கறாங்க. ஏ த்ரீன்னு முடிவாச்சு. "உங்கூட்டுக்காரரு சொன்னதுதான் சரி"ன்னாங்க. அன்னிக்குப் பூரா நான் தரையில நடக்கல.

அப்பறம் மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி, அச்செடுத்து, மேல டெம்பரரியா ஒரு பசைய அடைச்சாங்க. "லேப்புக்கு அனுப்பறேன். பொங்கல் கழிச்சு இந்தத் தேதிக்கு வாங்க. அது வரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காத கண்ணு. இது விழுந்துச்சுன்னா உடனே வரோணும், பல்லு தொறந்து கெடக்கக்கூடாது"ன்னு சொல்லி கார்டுல தேதி எழுதிக் குடுத்தாங்க. நான் எங்க ஊட்டுக்குக் கீழ இருக்கற எஸ்டிடி பூத் நம்பர அங்கிருந்த பொண்ணுகிட்டக் குடுத்துட்டு வந்தேன். யாரும் கேக்கல, நானாத்தான் குடுத்தேன். அவங்க கணக்கு தேதி. என்ர கணக்கு போன். அது ரெண்டும் வேற வேறன்னு எனக்கு உறைக்கல.

பொங்கலுக்கு மாமியா ஊட்டுக்குப் போயிருந்தோம். கரும்பக் கடிச்சா. "மாமா, வாயில மாவாட்டம் என்னமோ வந்துச்சு, துப்பிட்டேன்"னா. அந்த டெம்பரரி. "போனாப் போகுது, அசலு வரப்போகுதே"ன்னு சொன்னேன்.

குடுத்த தேதி வந்துச்சு. அவ கம்பெனியில ஷிப்மெண்ட் நேரம்.

"இன்னிக்குத் தேதிங் மாமா. லீவு கேக்கட்டுமா?"

"பூத்துக்குப் போன் வந்துச்சா?"

"இல்லீங்."

"அப்ப ஷேடு ஓகே ஆகியிருக்காது. மறுக்கா செய்யச் சொல்லியிருப்பாங்க. ஓகே ஆனா அவங்களே கூப்புடுவாங்க, இரு."

"நீங்க லேப்புல இருக்கறவரு, உங்களுக்குத் தெரியாததா?"ன்னுட்டு வேலைக்குப் போயிட்டா.

கேலிக்குச் சொல்லலீங்க. நெசமாவே நம்பிச் சொன்னா. தெனமும் பொழுதோட வேலை விட்டு வர்றப்ப பூத்துக்காரர்கிட்ட, "எதாச்சும் போன் வந்துச்சுங்களாண்ணா?"ன்னு கேட்டுட்டுத்தான் படியேறுவா.

ஒரு வாரம் நல்ல வலி. கிராம்பு வெச்சா, மருந்துக்கடை மாத்திரை போட்டா. அப்பறம் ஒருநாள் வலி சுத்தமா நின்னு போச்சு. எனக்கு சந்தோசம். பொறவு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, வலி நின்னது நல்லதுக்கில்லையாம். பல்லுக்குள்ள இருக்கற நரம்பு செத்துப்போனா வலி தெரியாதாம். சீழ் மட்டும் அடியில சத்தமில்லாம வேர் வழியா எறங்கிக்கிட்டே இருக்குமாம். ஒரு மாசம் எறங்கியிருக்குது. நாங்க ரெண்டு பேரும் போனுக்குக் காத்துட்டு இருந்தோம்.

மாசி மாசம் ஒரு வியாழக்கெழம தாவாக்கட்டைக்கு அடியில வீங்குச்சு. துண்டச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனா. மறுநாள் வீக்கம் ரெண்டு பக்கமும் வந்துருச்சு, தொட்டா பலகையாட்டம் கெட்டியா இருந்துச்சு. வாய்க்குள்ள சூடா இட்லி வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி பேசுனா. நான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். சனிக்கெழம வெடியால எந்திரிச்சுப் பாத்தா படுக்க முடியாம உக்காந்தே இருக்கறா. எச்சி முழுங்க முடியாம வடியுது. நாக்கு மேல தூக்கிட்டு நிக்குது.

இதப் படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். கழுத்து வீங்கி, நாக்கு தூக்கி, எச்சி முழுங்க முடியலைன்னா மருந்துக்கடைக்குப் போயிராதீங்க. நேரா பெரியாஸ்பத்திரி. எனக்கு ரெண்டு நாள் போயிருச்சு.

திருப்பூர் ஆஸ்பத்திரியில பாத்த ஒடனே ஆம்புலன்ஸ்ல கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. வழியில அவ படுக்கவே மாட்டேங்கறா, என்ர சட்டையப் புடிச்சு இழுத்து வெச்சுக்கிட்டு உக்காந்து மூச்சு வாங்கறா. அங்க ஒரு சின்ன வயசு டாக்டரு சீட்டுல எழுதிக் காட்டுனாரு. லுட்விக் ஆஞ்சைனா. ஆஞ்சைனான்னா நெஞ்சுவலின்னு கேட்டிருக்கறேன், நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குதுன்னேன். "இது வேறப்பா. பல்லுல இருந்து வந்த சீழ் நாக்குக்கு அடியில பரவி, நாக்க மேல தள்ளி மூச்சுக்குழாய அடைக்குது. தொண்டையில ஓட்டை போட்டு ட்யூப் வெச்சாத்தான் மூச்சு விடுவாங்க. கையெழுத்துப் போடு"ன்னாரு. போட்டேன். என்ர பேரு எனக்கே படிக்க வரல, அப்படிப் போட்டேன்.

மொத நாலு நாள் ஐசியூ. தாவாக்கட்டைக்கு அடியில மூணு எடத்துல கீறி, சீழ் வர்றதுக்கு ரப்பர் குழாய் வெச்சிருந்தாங்க. கண்ணாடி வழியா மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா பாக்க விடுவாங்க. வெராண்டாவுல நான், அத்தை, மச்சான் பழனிச்சாமி. மச்சான்னா கலாமணிக்கு அண்ணன், லாரி ஓட்டறவரு. லோடு எறக்கிட்டு நேரா வந்துருவாரு. அவளால ஒரு சொட்டுத் தண்ணி கூட வாயில குடிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் தெனம் ஒரு எளநி வாங்கிட்டு வருவாரு. "நீங்க குடிங்க மாப்ள, மூஞ்சி வத்திப்போச்சு"ன்னு எனக்கு வெட்டிக் குடுப்பாரு.

அத்தை ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சண்டையா இல்ல, அழுதுக்கிட்டேதான். "தேதி குடுத்திருந்தாங்கன்னு கலாமணி பொங்கலுக்கே சொன்னாளேங் மாப்ள. ஏனுங்க கூட்டிட்டுப் போகல?"

"லேப்புல இருந்து வரலைங்கத்தை. வந்தா போன் பண்ணுவாங்க."

அஞ்சாம் நாள் வார்டுக்கு மாத்துனாங்க. காச்சல் கொறஞ்சுருச்சு, பொழச்சுக்கும்னு சிஸ்டரு சொன்னாங்க. அத்தைக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல, அவ தலையச் சீவிக்கிட்டே இருப்பாங்க. பின்னி முடிச்சு மறுபடி அவுத்துச் சீவுவாங்க.

தொண்டையில ட்யூப் இருக்கறதுனால பேச்சு வராது. ஆனா எங்களுக்கு அது கஷ்டமில்ல. கம்பெனியில மிசின் சத்தத்துல பேசுனா கேக்காதுங்க, எல்லாம் கைப்பாஷைதான். நூல் தீந்துபோச்சுன்னா வெரல வட்டமாச் சுத்துவாங்க. டீ டைம்னா கட்டவெரல வாய்க்குக் காட்டுவாங்க. சூப்பர்வைசர் வர்றான்னா உச்சந்தலையத் தட்டுவாங்க, அவங்க சூப்பர்வைசருக்கு அங்க முடி கெடையாது. பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வந்தப்ப இவ படுத்துக்கிட்டே தலையத் தட்டிக் காட்டறா! அந்த டாக்டருக்குத் தல நெறைய முடி. நான் சிரிச்சுப்போட்டேன். அவரு திரும்பிப் பாத்து, "தலை வலிக்குதா அம்மா?"ன்னாரு. இவ வயிறு குலுங்குது, சத்தம் வரல, ட்யூப்புல இருந்து காத்து மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது. சிஸ்டரு வந்து ரெண்டு பேத்தையும் வெஞ்சாங்க.

மறுநாள் துணி எடுக்கத் திருப்பூர் வந்தவன், நேரா பல்லு டாக்டர்கிட்டப் போனேன். சண்டை போடற மாதிரித்தான் படியேறுனேன். ஒரு பல்லுத்துண்டு செய்யறதுக்கு எந்த ஊர்லங்க ஒன்றரை மாசம் ஆகும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஏறுனேன்.

டாக்டரம்மா என்னைப் பாத்ததும், "எங்கப்பா போயிட்டீங்க ரெண்டு பேரும்?"ன்னு டிராயரத் தொறந்து ஒரு சின்ன டப்பாவ எடுத்து வெச்சாங்க. "தேதிக்கு மொத நாளே வந்துருச்சு."

உள்ள அந்தப் பீங்கான். பாதி நெலக்கடலை அளவுதான் இருந்துச்சு. கலரு அச்சா அவ பல்லு.

"ஏனுங்க டாக்டர் போன் பண்ணல?"

"தேதி எழுதிக் குடுத்தேனேப்பா. ஷிப்மெண்ட் முடிச்சுட்டு வருவீங்கன்னு இருந்தேன். இங்க எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க."

"இல்லீங்க, ஷேடு ஓகே ஆனாத்தான்..."

"அன்னிக்குப் படியில வெச்சே நம்ம ஓகே பண்ணியாச்சே."

நான் ஆஸ்பத்திரி விசயத்தச் சொன்னேன். அவங்க அப்படியே சேர்ல உக்காந்துட்டாங்க. "அந்த அடைப்பு விழுந்துச்சா?"ன்னு கேட்டாங்க. தலைய ஆட்டுனேன். டப்பாவ எடுத்துட்டுப் போறியான்னாங்க. இருக்கட்டுங்க, அவளக் கூட்டிட்டு வாறேன்னு சொல்லிட்டு எறங்குனேன்.

கோயமுத்தூர் பஸ்ஸுல பூராவும் ஒண்ணுதான் நெனச்சுட்டு வந்தேன். போனதும் அவகிட்டச் சொல்லிரோணும். நாந்தான் உன்னைய உக்கார வெச்சேன், அது அங்க வந்து கெடந்துச்சு, நான் முட்டாளுன்னு சொல்லிரோணும்.

வார்டுக்குள்ள போனேன். அத்தை தலை சீவிக்கிட்டு இருந்தாங்க. மச்சான் கால்மாட்டுல உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் கலாமணி கட்டவெரலையும் சுண்டுவெரலையும் நீட்டி காதுகிட்ட வெச்சா. அப்பறம் தாவாக்கட்டையில கட்டு மேல தொட்டுக் காட்டுனா. புருவத்தத் தூக்குனா.

போன் வந்துச்சாங்கறா.

எனக்கு வாய் தொறந்துச்சு. வந்தது வேற. "இன்னிக்குக் காத்தாலதான் வந்துச்சு கலா. ஓகே ஆயிருச்சாம். இப்பத்தான் லேப்புல இருந்து வந்துச்சாம்"னேன்.

அவ மூஞ்சி அப்படி மலந்துச்சுங்க. ஒடம்ப அசைக்க முடியாதவ, அவங்கம்மா கையில இருந்த சீப்பப் புடிச்சு நிறுத்துனா. அவங்கம்மாளத் தன்னைப் பாக்க வெச்சா. என்னைக் காட்டுனா. காதுகிட்டப் போன் காட்டுனா. தரையக் காட்டுனா, இன்னிக்குத்தான்னு. பொறவு என்னைக் காட்டி கைய இப்படியும் அப்படியும் ஆட்டுனா. எங்க மாமா மேல தப்பில்ல, இனி அவரக் கேக்காதன்னு அர்த்தம். அதுக்குக் கைப்பாஷை தெரியோணும்னு இல்ல. அத்தைக்கும் புரிஞ்சுச்சு, மச்சானுக்கும் புரிஞ்சுச்சு. அத்தை என்னைப் பாத்து, "தப்பா நெனச்சுப்போட்டேனுங் மாப்ள"ன்னு கண்ணத் தொடச்சாங்க.

நல்லா ஆகட்டும், ஊட்டுக்குப் போயி சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ட்யூப்ப எடுக்கட்டும், அவளால என்னைத் திட்ட முடியட்டும், அப்பச் சொல்லலாம்னு.

எட்டாம் நாள் மறுபடி காச்சல். நெஞ்சு வலிக்குதுன்னு கைய வெச்சுக் காட்டுனா. படம் எடுத்துப் பாத்தாங்க. கழுத்துல இருந்து சீழ் நெஞ்சுக்கூட்டுக்குள்ள எறங்கிருச்சுன்னாங்க. கழுத்துல இருந்து நெஞ்சுக்கு உள்ளயே ஒரு வழி இருக்குதாம், அது வழியா போனா புடிக்கறது கஷ்டமாம். திரும்ப ஐசியூ. நெஞ்சுல குழாய் போட்டாங்க. மருந்தா மாத்தி மாத்தி ஏத்துனாங்க, அவங்க மேல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். பத்தாம் நாள் கண்ணாடி வழியாப் பாத்தப்ப கண்ணத் தொறந்திருந்தா, ஆனா என்னைப் பாக்கல. பதினோராம் நாள் வெடியால ஏழு மணிக்கு சிஸ்டரு வெராண்டாவுக்கு வந்து என்ர பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னால எப்பவும் "கலாமணி அட்டெண்டரு"ன்னுதான் கூப்புடுவாங்க. பேரச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுருச்சு.

இருவத்திரெண்டு வயசுங்க.

கருமாதி முடிஞ்ச அன்னிக்கு, வெள்ளகோவில்ல அத்தை ஊட்டு முன்னால பத்துப் பதினஞ்சு பேரு நின்னாங்க. ரெண்டு வேன் வந்து நின்னுச்சு. வந்தவங்க ஊருக்குத் திரும்பறதுக்குன்னு நான் நெனச்சேன். மச்சான் வந்து என்ர தோள்ல கைய வெச்சாரு.

"கெளம்புங்க மாப்ள. அந்தப் பல்லு டாக்டர்கிட்டப் போறோம். ஒன்றரை மாசம் ஒரு துண்டப் பீங்கான செய்யாம வெச்சிருந்து எந்தங்கச்சியக் கொன்னுபோட்டா. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அன்னிக்குத்தான் போன் வந்துச்சுன்னு நீங்க சொன்னத அங்க வந்து ஒருக்காச் சொல்லுங்க, போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

கூட்டத்துல ஒருத்தன் கையில உருட்டுக்கட்டை வெச்சிருந்தான். எனக்கு அந்த டாக்டரம்மா சேர்ல உக்காந்ததுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

"போன் வரலைங்க மச்சான்"னேன்.

"என்னது?"

"போனே வரல. அவங்க பண்றேன்னும் சொல்லல. குடுத்த தேதிக்கு மொத நாளே அது வந்துருச்சு. டிராயர்ல இருந்துச்சு. கலாமணி போறேன்னுதான் சொன்னா. நாந்தான் வேண்டாம், போன் வரட்டும்னு உக்கார வெச்சேன்."

மச்சான் தோள்ல இருந்த கைய எடுத்தாரு. அடிப்பாருன்னு நின்னேன். அடிச்சிருந்தாப் பரவாயில்ல. அவரு வேன்கிட்டப் போயி ஏறியிருந்தவங்கள எறங்கச் சொன்னாரு. சீட்டுல தலைய வெச்சுக்கிட்டு அங்கியே நின்னுட்டாரு.

அத்தை வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. எங்கிட்ட வந்தாங்க. கோவமா வரல. வெளங்காத ஒண்ணக் கேக்கற மாதிரித்தான் கேட்டாங்க.

"அப்ப எம்பொண்ணு பொய்யக் கேட்டுட்டுத்தானுங்களா மாப்ள, உங்க மேல தப்பில்லைன்னு சொல்லிட்டுப் போனா?"

"ஆமாங்கத்தை"ன்னேன்.